மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள்

மே மாதம் கோத்தகிரிப் பக்கம் நடக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்து வெயிலை மனதில் வைத்தே பெட்டி கட்டுகிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே டீ குடித்த இடத்துக்கும் மேலே அறைச் சாவி வாங்கும் இடத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. செல்போன் காட்டும் வானிலையை நம்பியும் பயனில்லை. பெரிய பரப்பு ஒன்றுக்கு மொத்தமாகச் சொல்லும் கணிப்பு அது. நீங்கள் ஏறி நிற்கும் முகட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

மலை விடுதியில் நடைபயண வழிகாட்டி வேலை எனக்கு. வந்து இறங்கிய அன்று இரவுச் சாப்பாட்டின்போதே விருந்தினர்களுக்கு ஒரு விதியைச் சொல்லிவிடுவேன்: நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள், மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். "மழைதானே, நனைஞ்சா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மழை பாதிக் காரணம்தான். கோடைக் கடைசியில் மழை வரும் நேரமும் மிருகங்கள் வெளியே வரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். அதற்கு முந்தைய வாரங்களில் பெய்வது கோடை இடிமழை. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே கிளம்பும். பத்து, பதினோரு மணிக்கு முகட்டின் மேல் வெள்ளை மேகங்கள் தலை தூக்கும். அவை பக்கவாட்டில் பரவாமல் உயரமாக வளர்ந்து அடிப்பகுதி கறுத்தால், இரண்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் இடி கேட்கும். இதற்குள் மேகமே தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. அப்போது பத்தடி தள்ளி நிற்பது பாறையா மாடா என்று தெரியாது.

மாடு என்று நாங்கள் சொல்வது காட்டுமாட்டை. காட்டெருமை என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். வளர்ந்த ஆண் ஒன்று ஒரு டன் எடையைத் தொடும். நல்ல வெயில் நாளில் அது சோலைக்குள் நிழலில் படுத்து அசைபோட்டுவிட்டு, பொழுது சாயும்போதுதான் தேயிலைக்குள் வரும். மேகம் மூடிவிட்டால் அதற்கு இரண்டு மணியே சாயங்காலம். கரடியும் அப்படித்தான். இருட்டிய பிறகு வர வேண்டியது சில நாட்களில் முன்னதாகவே கிளம்பிவிடும்.

சாதாரண நாளில் நம் காலடியையும் பேச்சையும் கேட்டு, வாசனை பிடித்து, நாம் பார்ப்பதற்கு முன்பே அவை விலகிப் போய்விடுகின்றன. இத்தனை மாடும் கரடியும் இருக்கிற மலையில் நாம் நடக்க முடிவதே அதனால்தான். மழைச் சத்தத்தில் நம் சத்தம் அவற்றுக்குக் கேட்பதில்லை. காற்று அடிக்கடி திசை மாறுவதால் வாசனையும் போய்ச் சேர்வதில்லை. கரடி தாக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவை இப்படி எதிர்பாராமல், மிக அருகில் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதால் நடப்பவையே. இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து, ரெயின்கோட் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு வேகமாக நடப்பது அந்த முட்டலுக்கு நாமே வழி செய்து கொடுப்பதுதான். அப்படி மாட்டிக்கொண்டால் தொப்பியைக் கழற்றுங்கள், பேசிக்கொண்டே மெதுவாக வாருங்கள்.

காட்டுமாடு தலையைத் தூக்கிச் சீறும். பிறகு பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டும். போட்டோவுக்கு நிற்கிறது என்று நினைக்கிறார்கள். "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்று மிரட்டுகிறது அது. முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள், அது போக வழி விடுங்கள்.

யானை கொஞ்சம் கீழே. குஞ்சப்பனை, பர்லியார் பக்கம் இப்போது பலாச் சீசன். சரிவுகளில் பழம் பழுத்தால் யானைகள் தேடி ஏறி வரும். பிய்த்துப் போட்ட பலாச்சுளை, ஆவி பறக்கும் சாணம் கண்ணில் பட்டால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. கொடுத்த காசைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். முப்பது வினாடிக்குள் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். முகடு, காட்சிமுனைக் கம்பி வேலி, தனியாக நிற்கும் சில்வர் ஓக் மரம், இந்த மூன்றையும் விட்டு விலகுங்கள். குழுவாக ஒட்டி நிற்க வேண்டாம். மின்னல் தரை வழியாகவும் பாயும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மீண்டும் நடக்கலாம். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்காமல், மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

குளிரால் ஆபத்து இமயமலையில்தான் வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். பதினைந்து டிகிரியிலும் வரும். நனைந்த பருத்தித் துணி காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் நடுக்கம், பிறகு வாய் குழறும், கால் தடுமாறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேற்றாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் அதுதான் மோசமான கட்டம். ஈரத் துணியை மாற்றி, போர்த்தி, தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான டீ கொடுங்கள். பிராந்தி வேண்டாம், அது ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து உள்சூட்டைத்தான் குறைக்கும். எங்கள் மலையில் இந்த அறிவுரைக்கு எதிர்ப்பு பலம்.

அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், கழுவினால் போதும். பாம்பு அப்படியல்ல. முதல் மழைக்குப் பிறகு குழிவிரியன்கள் புதர்களிலும் பாதையோரத்திலும் அசையாமல் இருக்கும். நம் ஊர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. குழிவிரியன் அதில் இல்லை. கை வைக்கும் செடியைப் பார்த்துக் கை வையுங்கள்.

சாப்பிட்ட மிச்சத்தை வராந்தாவில் வைக்காதீர்கள். பகலில் குரங்கு வரும், இரவில் கரடி. கோத்தகிரிக் கிராமங்களில் கோயில் விளக்கெண்ணெயைத் தேடி வந்து கதவை உடைக்கும் கரடிகளுக்கு உங்கள் பிஸ்கட் பாக்கெட் பெரிய விஷயமில்லை.

அனுமதியில்லாத காட்டுப் பாதைக்கு நான் யாரையும் கூட்டிப்போவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்த பிறகும் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? வனத்துறை அனுமதியோடு நடக்க 2024-இல் தமிழகம் முழுக்க 40 பாதைகளை அரசு அறிவித்திருக்கிறது.

சீக்கிரம் கிளம்பினால் லாபமும் உண்டு. இந்தப் பருவத்தில் ஓடைப் பக்கம் யாரோ பாட்டுத் தெரியாமல் சீட்டியடிப்பது போலக் கேட்கும். யார் அந்த ஆள் என்று தேடுவார்கள். சீகாரப் பூங்குருவி அது.

ஜூன் நடுவில் வருகிறவர்களுக்கு இந்த ஒரு மணிக் கணக்கு பொருந்தாது. பருவமழை தொடங்கிவிட்டால் இடி குறைந்து, மேற்கே கூடலூர், அவலாஞ்சி பக்கம் நாள் முழுக்கக் கொட்டும். கிழக்கே எங்களுக்குச் சாரலும் காற்றும்தான். அப்போது நேரம் பார்ப்பதை விட்டுவிட்டு, முந்தைய இரவு எவ்வளவு பெய்தது என்று பார்ப்போம். மண் ஊறிய சரிவில் அன்று கூட்டிப்போக மாட்டேன். முன்பதிவு செய்யும்போதே ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.