எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு ஹெவி ராடு வாங்காதீர்கள்

மதுரையில் தூண்டில் சாமான் விற்பதும் உடைந்த ராடுகளைச் சரிசெய்து தருவதும்தான் என் தொழில். ஹெவி ராடு, அதாவது விறைப்பு அதிகமான தூண்டில் கோல் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்ததும் கேட்பது, "அண்ணே, இது எத்தனை கிலோ தாங்கும்?" அதற்கான பதில் எந்த ராடிலும் எழுதியிருக்காது. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு கணக்கு இருக்கும், எத்தனை பவுண்டு நரம்பு (தூண்டில் நூல்) போடலாம் என்பது ஒன்று, எவ்வளவு எடையுள்ள லூரை (பொய் இரையை) வீசலாம் என்பது இன்னொன்று. மீனின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இந்த ராடு அமெரிக்காவில் பாஸ் மீனுக்காகச் செய்தது. 1970களில் கலிஃபோர்னியாக்காரர் டீ தாமஸ் பிரபலமாக்கியது ஃபிளிப்பிங். அதாவது நரம்பை ஒரு கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஜிக்கை (ஈயத் தலை வைத்த முள் லூரை) ஆட்டிவிட்டு, பக்கத்துப் புதருக்குள் சத்தமில்லாமல் இறக்குவது. இன்னொரு வீச்சு பிட்ச்சிங், அதில் ஜிக்கை உள்ளங்கையில் வைத்து, நரம்பு சுருட்டும் ரீலைத் திறந்து, நரம்பு சுற்றிய ஸ்பூலைக் கட்டைவிரலால் அடக்கியபடி தண்ணீரை ஒட்டித் தாழ்வாக அனுப்புவார்கள், இன்னும் கொஞ்சம் தூரம் போகும். இரண்டிலும் மீன் பக்கத்திலேயே இருக்கிறது. கடித்த கையோடு முள்ளை ஏற்றி அதன் தலையைச் செடிக்கு வெளியே திருப்பாவிட்டால் தண்டில் சுற்றிக்கொள்ளும், அதன்பிறகு எவ்வளவு பெரிய ராடு இருந்தும் பிரயோஜனமில்லை. ஹெவி என்ற பவர் அந்த ஓரிரு நொடிக்காகத்தான்.

நம்ம கண்மாய்களில் பாஸ் கிடையாது, ஆனால் ஆகாயத்தாமரையும் அதற்கடியில் விராலும் உண்டே, அதனால் ராடுக்கு வேலை கிட்டத்தட்ட அதேதான். ஒரு வித்தியாசம், தாமரை பாய் விரித்த மாதிரி மூடிக்கிடந்தால் ஜிக் உள்ளே இறங்காது, தவளை லூரை மேலே இழுத்துவர வேண்டியதுதான். இடைவெளி விட்டிருக்கிற இடத்தில் ஜிக் நன்றாக வேலை செய்யும்.

சரி, எதை வாங்குவது? முதலில் நீங்கள் போடுகிற லூரைத் தராசில் வையுங்கள். 10 முதல் 28 கிராம் ஜிக் என்றால் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். பவர் என்பது எவ்வளவு விறைப்பு, ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதி மட்டும் வளைந்து கீழே விறைப்பாக நிற்கும், நுனியில் அந்த வளைவு இல்லாவிட்டால் பிட்ச்சிங் செய்யும்போது ஜிக் உந்திப் போகாது. நீளம் ஏழேகாலிலிருந்து ஏழரை அடி போதும். எட்டடி வாங்கிக்கொண்டு போய், கருவேல மரம் அடர்ந்த கண்மாய்க் கரையில் நிமிர்த்த இடமில்லாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. ரீல் 7:1க்குக் குறையாமல் (கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் ஸ்பூல் ஏழு தடவை சுற்றும்), பின்னல் நரம்பான பிரெய்ட் 50 பவுண்டு. "40 டன் கார்பன்" என்று பெருமையாக ஒட்டியிருப்பது பாரம் தாங்கும் கணக்கல்ல, இழையின் விறைப்பைக் காட்டும் எண். டன் ஏற ஏற ராடு இலகுவாகும், அடிபட்டால் நொறுங்குவதும் சுலபமாகும். கரை, பாறை, பைக் என்று தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு 24 அல்லது 30 டன் போதும் என்பேன், கடைக்காரனாக எனக்கு அதில் லாபம் குறைவுதான்.

ராடில் நரம்பு ஓடும் கைடு வளையங்களைக் கடையிலேயே சோதியுங்கள். ஒரு துளி பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மெதுவாகச் சுழற்றுங்கள். செராமிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் பஞ்சின் இழை அதில் மாட்டி நிற்கும். அந்தக் கீறல் பிரெய்டை அறுத்துவிடும், நீங்கள் நரம்புக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் உடைவது பற்றி. என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் அதிகம் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் முறிந்தவை. கரை ஓரம் வந்த மீனைத் தூக்குவதற்காக ராடைத் தலைக்கு மேலே நட்டமாக நிமிர்த்துவார்கள், மொத்தப் பாரமும் மெல்லிசான நுனியில் விழும், டப்பென்று போகும். மீனைச் சரிவில் இழுத்துக் கிரிப்பால் தாடையைப் பிடியுங்கள். முள் வேரில் மாட்டிவிட்டதா, ராடை வளைத்து மல்லுக்கட்டாமல் கீழே வைத்துவிட்டு, நரம்பை ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பிரெய்ட் சதையை அறுத்துவிடும். ஈயத் தலை ஜிக்கைத் தொங்கவிட்டு பைக்கில் போவதும் ஆகாது, அது தட்டித் தட்டி பிளாங்க்கில் (ராடின் தண்டில்) வடு விழும். பிறகு என்றைக்கோ ஒரு சின்ன ஜிலேபி மீனுக்கே ராடு முறியும்.

இவ்வளவும் பணத்தோடு போகிற விஷயம். உயிரோடு போகிற விஷயமும் ஒன்று உண்டு, ராடு செய்திருக்கிற கார்பனில் மின்சாரம் பாயும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்மாய்க் கரையை ஒட்டிய வயல்களில் பம்புசெட்டுக்குப் போகும் கம்பி தாழத் தொங்கும், ஏழரை அடி ராடைத் தோளில் நட்டமாகச் சாய்த்து நடந்தால் நுனி எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது. ஈர பிரெய்டும் ஆபத்துதான். கம்பிக்கு அடியில் வீசவே வேண்டாம், அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்றால் ராடைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள், இரண்டு துண்டு ராடு என்றால் கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு வந்துவிடுங்கள், ராடு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.