எட்டு கோர்களுக்கும் வேலை கண்டுபிடிக்கும் கம்பைலர்

ஒரு காலத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வசதி ஒன்று இருந்தது. இன்று மெதுவாக ஓடும் நிரல், அடுத்து வரும் புது சிப்பில் தானாகவே வேகமாக ஓடிவிடும். 2004இல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் திட்டத்தைக் கைவிட்டபோது அந்தக் காலம் முடிந்தது. கடிகார வேகத்தை ஏற்ற ஏற்ற சிப் சூடாவது பெரிய தடையாகிவிட்டிருந்தது. அப்புறம்தான் சாதாரணக் கணினிகளிலும் ஒரே சிப்பில் இரண்டு, நான்கு, எட்டு என்று கோர்களை, அதாவது கணக்குப் போடும் பகுதிகளை, பெருக்கினார்கள்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவிலிருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, எட்டு கோர்னு பாத்து லேப்டாப் வாங்கினேன். என் புரோகிராம் ஓடும்போது ஒண்ணுதான் வேலை செய்யுது. கம்பைலரே பிரிச்சுக் கொடுக்காதா?"

நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். அது பிரித்துக் கொடுக்கும், ஆனால் அதற்கு முன் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். வேலையின் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்பதே அது.

இரண்டு மரபணு வரிசைகளை ஒப்பிடும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1000 எழுத்துகள். இதற்கு 1000 வரிசையும் 1000 பத்தியும் கொண்ட அட்டவணையை நிரப்ப வேண்டும். மொத்தம் 10 லட்சம் கட்டங்கள். ஒரு கட்டத்தின் விடை, அதன் இடப்பக்கம், மேலே, இடது மேல் மூலை ஆகிய மூன்று கட்டங்களின் விடைகளிலிருந்து வருகிறது. வரிசை வரிசையாகப் பிரித்துக் கொடுத்தால் கீழ் வரிசை மேல் வரிசைக்காகக் காத்திருக்கும். பத்தி பத்தியாகப் பிரித்தாலும் அதே கதைதான். எப்படிப் பார்த்தாலும் ஒரே கோருக்கான வேலை போலத்தான் தெரியும்.

புள்ளிக்கோலத்தின் புள்ளிகளை நேராக எண்ணாமல் சாய்வாக எண்ணிப் பாருங்கள். வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் கூட்டினால் ஒரே தொகை வரும் கட்டங்கள் எல்லாம் ஒரு சாய்கோட்டில் விழும். அந்தக் கோட்டில் உள்ள எந்தக் கட்டமும் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. தேவையான மூன்றும் முந்தைய சாய்கோடுகளிலேயே முடிந்துவிட்டன. நடுக்கோட்டில் மட்டும் 1000 கட்டங்கள், அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்யலாம். கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1974இலேயே இந்த வழியைக் கட்டுரையாக எழுதிவிட்டார். கணக்கு மாறவில்லை, பார்க்கும் கோணம்தான் மாறியது. இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்க வைப்பது இந்த இடம்தான்.

ஆனால் இதை அப்படியே ஓட்டினால் வேகம் எதிர்பார்த்த அளவுக்கு வராது. முதல் காரணம் மெமரி. கோருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன, வேகமான நினைவகமான கேஷுக்கு மெமரியிலிருந்து தரவு ஒவ்வொரு எண்ணாக வருவதில்லை. பெரும்பாலான கணினிகளில் 64 பைட்டாக, அதாவது 8 பைட் எண்கள் எட்டாகச் சேர்ந்து வருகிறது. வரிசையில் நடந்தால் எட்டும் உடனே பயன்படும். சாய்வாக நடந்தால் ஒன்றைப் பயன்படுத்திவிட்டு அடுத்த தொகுதிக்குப் போக வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு சாய்கோடும் முடியும்போது எல்லாக் கோர்களும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும். இந்த அட்டவணையில் 1999 சாய்கோடுகள்.

இதற்கு வழி, அட்டவணையை 32க்கு 32 என்ற சின்னச் சதுரங்களாக வெட்டுவது. ஒரு சதுரம் 8 கிலோபைட்தான், கேஷுக்குள் அடங்கிவிடும். சதுரத்துக்குள் வரிசை வரிசையாக நடக்கலாம். சதுரங்களை மட்டும் சாய்வாக எடுத்து ஓட்டலாம். சாய்கோடுகள் 1999இலிருந்து 63ஆகக் குறைகின்றன. நடுவில் 32 சதுரங்கள் ஒரே நேரத்தில் தயாராக நிற்கும், எட்டு கோர்களுக்கு அது தாராளம்.

சாய்வாக ஓட்டுவது, சதுரங்களாக வெட்டுவது என்று மனிதர் யோசித்துச் செய்யும் இந்த இரண்டையும் கம்பைலரே செய்யுமா? செய்யும் என்று 2008இல் காட்டியது புளூட்டோ என்ற கருவி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இப்போது பேராசிரியராக இருக்கும் உதய் பொந்துகுலா, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சடையப்பனின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கியது அது. இருவருமே சென்னை ஐஐடியில் படித்தவர்கள். லூப்பின், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதியின், ஒவ்வொரு சுற்றையும் புளூட்டோ ஒரு புள்ளியாகவும், ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பதை ஓர் அம்பாகவும் பார்க்கிறது. எந்த அம்பும் பின்னோக்கிப் போகாத திசைகளை முழு எண் கணக்கு ஒன்றின் வழியே தேடுகிறது. அப்படிப்பட்ட திசைகளில் வெட்டினால் விடை கெடாது. இதற்கு முன்பே பிரான்சின் கணினி அறிஞர் பால் ஃபோத்ரியே இதே கணிதத்தைக் கொண்டு, வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று தேடியிருந்தார். புளூட்டோ கூடவே அம்புகளின் நீளத்தையும் குறைக்கப் பார்த்தது. அம்பு குறுகினால், ஒரு விடை தேவைப்படும்போது அது இன்னும் கேஷிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். கோர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டியதும் குறையும். கேட்கச் சின்ன மாற்றம் போலத் தோன்றினாலும், என் பார்வையில் அதுதான் பெரிய பாய்ச்சல்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் கணக்கில் பெரும்பகுதி எண் அட்டவணைகளைப் பெருக்கும் அணிப் பெருக்கல்தான், அதாவது ஒழுங்கான லூப்புகள். அதனால் இந்தச் சிந்தனை இன்று அங்கேயும் பயன்படுகிறது. கூகுளில் தொடங்கிய எம்எல்ஐஆர் கம்பைலர் கட்டமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரையின் ஆசிரியர்களில் பொந்துகுலாவும் ஒருவர்.

அந்த மாணவனின் நிரலில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும் என்பதை இன்னொரு பட்டியலைப் படித்துத்தான் அவன் லூப் முடிவு செய்கிறது. அந்தப் பட்டியல் ஓடும்போதுதான் நிரம்பும். கம்பைல் செய்யும் நேரத்தில் அம்புகளே தெரியாதபோது, கம்பைலர் தொடாமல் விடுவதுதான் சரி. வேகமான தப்பு விடை யாருக்கு வேண்டும்? இப்படிப்பட்ட நிரல்களுக்கு, ஓடத் தொடங்கியதும் முதலில் பட்டியலை மட்டும் ஒருமுறை படித்து, எது எதைச் சார்ந்தது என்று குறித்துக்கொண்டு, அதன்பின் வேலையைப் பிரிக்கும் முறை உண்டு. ஒரே பட்டியலை வைத்து லூப் பலமுறை ஓடினால் அந்தக் கூடுதல் செலவு கட்டுப்படியாகும். அவனுடைய லூப் அப்படித்தான் ஓடுகிறது.