ஃபெலோ: மாட்டிலிருந்து வந்த சொல்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடிவீட்டுப் பையனுக்கு இந்திய அறிவியல் கழகத்தில் ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) வேலை கிடைத்தது. டாடா இன்ஸ்டிடியூட் என்று சொன்னால்தான் இங்கே ஆட்டோக்காரருக்குப் புரியும். வேலை பெயரைத் தமிழில் என்ன சொல்வது என்று அவன் அம்மா கேட்க, ‘இளநிலை ஆய்வாளர்’ என்று சொல்லிக்கொடுத்தான். கீழ்வீட்டில் சொன்னார். "எந்த ஸ்டேஷன்ல போட்டிருக்காங்க?" என்று கேட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆய்வாளர் என்றால் போலீஸ் இன்ஸ்பெக்டர்தானே.

ஜூனியர், ரிசர்ச் இரண்டிலும் சிக்கல் இல்லை. ஃபெலோதான் பிடி கொடுக்காத சொல். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் ‘ஃபேலாகி’யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ‘ஃபே’ என்றால் மாடு, செல்வம், பணம். பின்பாதிக்கு இடுதல் என்று பொருள். பணத்தைச் சேர்த்துப் போட்டுத் தொழில் செய்கிறவன். அப்புறம் இங்கிலாந்துக் கல்லூரிகளில், வருமானத்தில் பங்குள்ள உறுப்பினருக்கு அந்தப் பெயர் வந்தது. 1918இல் கணிதமேதை ராமானுஜன் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். ‘அந்த ஃபெலோ இன்னும் வரலையா?’ என்று நாம் திட்டுவதும் அதே சொல்லால்தான்!

மாடுதான் செல்வம் என்பது நமக்கும் பழக்கமானதே. ‘கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற 400ஆம் குறளில் மாடு என்பது செல்வம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மூலப்பொருளுக்கு நெருக்கமானது ‘கூட்டாளி’. ஆனால் ‘ஆய்வுக் கூட்டாளி கைது’ என்று செய்தித்தாளில் வருவதுபோல இருக்கிறது. ‘ஆய்வறிஞர்’ ராயல் சொசைட்டிக்குச் சரி, நேற்றுச் சேர்ந்த பையனுக்குக் கொஞ்சம் அதிகம். ஃபெலோஷிப் என்ற உதவித்தொகைக்கு ‘ஆய்வு நல்கை’ எனக்குப் பிடித்தது. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்.புக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதைச் சம்பளம் என்று எழுதுவதில்லை. நல்கை என்பது அதற்குப் பொருந்துகிறது. பெறுபவரை ‘நல்கை ஆய்வர்’ எனலாம். போலீஸ் குழப்பமும் தீரும்.

பையன் சேர்ந்த துறையின் பெயரில் இன்னொரு வம்பு: கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ். கணினி அறிவியல் என்று பெயர்த்துவிடுகிறார்கள். அது வேறு. விமான இறக்கையைச் சுற்றி ஓடும் காற்று, குழாயில் ஓடும் இரத்தம் போன்றவற்றின் சமன்பாடுகளைக் கணினியில் போட்டுத் தீர்ப்பது இது. அங்கே 2022இல் வந்த பரம் பிரவேகா என்ற மீக்கணினியின் (சூப்பர் கம்ப்யூட்டர்) திறன் 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகள். ‘கணிப்பு அறிவியல்’ என்றால் ஜோசிய வாடை அடிக்கிறது. கணியன் என்றாலே சோதிடன்தான். ‘கணிமை அறிவியல்’ பரவாயில்லை.

இப்படிப்பட்ட வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும், அறிவிப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். ப்ராஜெக்ட் அசோசியேட் (ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு எடுக்கும் வேலை) என்று போட்டிருந்தால் அது ஃபெலோ அல்ல. தகுதியும் தொகையும் வேறு.