பகலில் உருகி இரவில் இறுகும் பனி

சின்னம்மாவின் மகள் சுவிசில், பேர்ண் நகரில் இருக்கிறாள். "அண்ணா, ஏப்ரலிலை வாங்கோ. பிள்ளையளுக்கும் லீவு. எல்லாருமாய் ஸ்கீ செய்யப் போவம்" என்று தொலைபேசியில் சொன்னாள். இங்கே யாழ்ப்பாணத்தில் பங்குனி வெயில் முற்றத்து மணலைக் கால் வைக்க முடியாதபடி சுட்டுக்கொண்டிருந்தது.

"அந்த நேரம் பனி உருகிப் போயிருக்காதோ?"

"கீழை உருகியிருக்கும். மேலை போவம்."

பாதி விஷயம் அந்த 'மேலை'யில் இருக்கிறது. மீதிப் பாதி மணிக்கூட்டில்.

முதலில் உயரம். வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலெழும்போது சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்குத் தன் சொந்தச் சூட்டையே செலவழிக்கிறது. சைக்கிள் ரியூப்பின் வால்வை அழுத்தினால் விரலில் குளிர்ந்த காற்றுப் படுமே, அதே கதைதான். சராசரியாக 1,000 மீற்றர் ஏறினால் 6.5 பாகை குறையும். இதைப் பார்க்க சுவிஸ் வரை போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி 28 பாகைக்குக் கிட்ட. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகை. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

பேர்ண் 540 மீற்றரில் இருக்கிறது. அங்கே பகலில் 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். சுவிசின் தெற்கே செர்மாட் என்ற மலையூருக்கு மேலே கேபிள் கார் போய் நிற்கும் உச்சி நிலையம் 3,883 மீற்றரில். கணக்குப்படி அங்கே பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை. அங்கே பனியாற்றின் மேல் ஆண்டு முழுவதும் சறுக்குகிறார்கள்.

ஆனால் ஏப்ரலில் எல்லோரும் உச்சியிலேயே நிற்பதில்லை. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு மீற்றர்ச் சரிவுகளில் பகல் வெப்பம் பூச்சியத்தைத் தாண்டிவிடும். அங்கேயும் பனி சட்டென்று தீர்ந்துபோகாததற்கு இரண்டு காரணம். புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 வீதம் வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. அடுத்தது, பூச்சியப் பாகையில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை வெறுமனே உருக்க மட்டும் 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரி, ஒரு கிராம் குளிர் தண்ணீரை 80 பாகைச் சூட்டுக்குக் கொண்டுபோய்விடும். மீன் பெட்டியில் போட்ட ஐஸ் குருநகரிலிருந்து கொழும்பு வரை தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். பழைய ஈரப் பனி அவ்வளவாக ஒளியைத் திருப்பாது. சில வசந்த காலங்களில் சகாராப் பாலைவனத்துத் தூசி பறந்துவந்து ஆல்ப்ஸ் பனியை மஞ்சளாக்கிவிடும். அப்போது உருகல் இன்னும் வேகம் பிடிக்கும்.

இனி மணிக்கூடு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இரவில் நடக்கும் வேலை. தை மாதத்து விடியலில் முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சீற் நனைந்திருக்கும். வானம் மூடியிருந்த இரவென்றால் காய்ந்தே கிடக்கும். தெளிந்த இரவில் சீற் தன் சூட்டை வெப்பக் கதிராக வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றையும்விடக் குளிர்ந்துபோகிறது. முகில் இருந்தால் அது கதிரைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. மலைச் சரிவிலும் இதுவேதான். பனி கண்ணுக்குத்தான் வெள்ளை. வெப்பக் கதிர் விஷயத்தில் அது கிட்டத்தட்டக் கறுப்பு, அவ்வளவு தாராளமாக வெளியே விட்டுவிடும். அதனால் காற்று 2 பாகையில் இருக்கும் இரவிலும், வானம் தெளிந்திருந்தால் பனியின் மேற்பரப்பு இறுகிவிடும். நாங்கள் புல்நுனித் துளியையும் மலைமேல் கிடப்பதையும் ஒரே சொல்லால் பனி என்கிறோம். யாரும் இயற்பியல் பார்த்து வைத்த பெயரல்ல, ஆனாலும் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது.

பகலில் உருகி இரவில் இறுகி, இப்படிப் பல நாள் போனால் பனித்துகள்களின் கூர்முனைகள் கரைந்து, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கற்கண்டுப் பருமனுக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்கு அது சீமெந்துத் தரை. விழுந்தால் எலும்பு பேசும். பத்து மணியளவில் மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும் இளகும், அடி இறுக்கமாகவே இருக்கும். அங்குள்ளவர்கள் 'ஃபிர்ன்' என்று கொண்டாடுவது இந்தப் பதத்தைத்தான். மத்தியானம் தாண்டினால் 'சுல்ஸ்', கூழ். காலில் மாட்டிய ஸ்கீப் பலகை புதையும், முழங்கால் திருகும். செங்குத்தான சரிவுகளில் ஈரப் பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாயும் பனிச்சரிவும் அந்த நேரத்தில்தான் அதிகம். சுவிசின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிலையம் பனிச்சரிவுக்கு 1 முதல் 5 வரை அபாய நிலை வெளியிடுகிறது. குறித்த பாதையைவிட்டு விலகுவதாக இருந்தால் அதைப் பார்க்காமல் போகவே கூடாது.

எந்தச் சரிவு எப்போது பதமாகும் என்பது அது பார்த்திருக்கும் திசையைப் பொறுத்தது. இது நமக்குக் கொஞ்சம் புதிது. சித்திரை வருடப்பிறப்பையொட்டி யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் பெரிய பேதம் இல்லை. அதே நாளில் ஆல்ப்ஸில் சூரியன் தெற்கு வானில் 54 பாகை உயரத்தில். 30 பாகை சாய்ந்த தெற்குச் சரிவில் வெயில் ஏறக்குறைய நேராகவே குத்தும். அதே சாய்வுள்ள வடக்குச் சரிவுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே காலையில் கிழக்கு, பிறகு தெற்கு, அப்புறம் மேற்கு, கடைசியில் வடக்கு என்று சூரியனின் பின்னாலேயே போவார்கள். முதல் நாள் இரவு முகில் மூடியிருந்ததா? பனி இறுகியிருக்காது, காலையிலேயே கூழ். எனவே தங்கச்சியிடம் நான் கேட்பது பகல் வெப்பத்தை அல்ல, ராத்திரி வானத்தை.

பெட்டியில் வைக்கும் முதல் சாமான் கறுப்புக் கண்ணாடி. ஆனையிறவு உப்பளத்தை நண்பகலில் பார்த்துக் கண் கூசியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1,000 மீற்றருக்கு 10 வீதமளவில் புற ஊதாக் கதிர் கூடும், புதுப் பனி அதில் 80 வீதம் வரை முகத்துக்கே திருப்பிவிடும். வெயில் கிறீமை நாடிக்குக் கீழேயும் பூச வேண்டும். கறுத்த தோல்தானே என்று விட்டால் கண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தங்குவது கீழே, 1,600 மீற்றரில் உள்ள ஊரில். 2,500 மீற்றருக்கு மேல் சிலருக்குத் தலையிடி, குமட்டல் தொடங்கும். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், நமக்கு அதற்கு மேல் பழக்கமே இல்லை. உச்சி நிலையத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அங்கே தண்ணீர் 87 பாகையிலேயே கொதித்துவிடும். "ஒரு மணிக்குச் சறுக்குறதை நிப்பாட்டிப்போட்டு மேலையிருந்து தேத்தண்ணி குடிப்பம்" என்கிறாள் தங்கச்சி. சாயம் சரியாக இறங்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.