நாறுவதற்கு முன்பே தெரிய வேண்டும்

மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், நெல்லைச் சீமையிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருடைய வீட்டில் கழிப்பறைக்கு இடமே கிடையாது, தெருமுனைப் பொதுக் கழிப்பறைதான். தூய்மை இந்தியா திட்டத்தின் விதிப்படி, இப்படிப்பட்ட சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை வேண்டும். வரிசை நீளும் காலை வேளையில் ஒரு மணி நேரத்திலேயே எல்லாம் தலைகீழாகிவிடும். சுத்தம் செய்வதோ பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான்: காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. கூட்டம் வந்த நேரத்துக்கும் துடைப்பம் வரும் நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் உணரிகள், அதாவது சென்சார்கள்.

பலருக்கும் முதலில் தோன்றுவது நாற்றத்தை அளக்கும் சென்சார். அது எதை மோப்பம் பிடிக்கிறது என்று பார்ப்போம். அப்போதுதான் கழித்த சிறுநீரில் வாடை அதிகம் இருக்காது. அதில் தண்ணீருக்கு அடுத்தபடியாக மிகுதியாக இருப்பது யூரியா. டைல்ஸ் இடுக்குகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைக்கின்றன. ஒரு யூரியா மூலக்கூறிலிருந்து இரண்டு அமோனியா மூலக்கூறுகள் வரும். அமோனியா சேரச் சேரக் காரத்தன்மை ஏறும். கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டாகப் படிந்து மஞ்சள் கறையாக இறுகும். அந்தக் கறைக்குள்ளேயே பாக்டீரியா பத்திரமாக இருப்பதால், மேலே பினாயில் ஊற்றினால் மட்டும் வாடை போகாது. கறையைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

மலிவான வாயு சென்சாருக்குள் டின் ஆக்சைடு பூச்சு ஒன்று இருக்கும். சிறு ஹீட்டர் அதைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மின்சாரம் பாய்வதற்கான தடை உயரும். அமோனியா வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும், தடை இறங்கும். இந்த இறக்கத்தைத்தான் கருவி அளக்கிறது. ஆனால் ஆல்கஹால் ஆவிக்கும் அது இப்படியேதான் இறங்கும். ஆகவே வாசனைத் திரவம் போட்டுக் கழுவி முடித்த நிமிடத்தில் ‘நாற்றம் அதிகம்’ என்று எச்சரிக்கை வரலாம். பிளீச்சிங் பவுடரின் குளோரின் நேர்மாறாகத் தடையை ஏற்றிவிடும். மும்பையின் ஜூலை மாத ஈரப்பதமும் கருவி காட்டும் எண்களைக் குழப்பும். எனவே மழைக்காலத்துக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்தாமல் விட்டால் அந்தக் கருவியை நம்பக்கூடாது.

ஒன்றில் மட்டும் அது நம் மூக்கைவிட மேல்: அதற்கு வாடை பழகிப்போகாது. நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்குச் சிறிது நேரத்தில் மூக்கு மரத்துவிடும்.

இருந்தாலும் என் கருத்து இதுதான்: நாற்றத்தை அளப்பது தாமதம். யூரியா உடைய நேரம் பிடிக்கும். அமோனியா காற்றில் தெரியும்போது அழுக்கு ஊறிப்போயிருக்கும். அதற்கு முன்னால் நடப்பவை இரண்டு. ஆட்கள் வருகிறார்கள், தண்ணீர் தீர்கிறது. அவற்றைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

ஆட்களை எண்ணக் கேமரா வேண்டாம், வைக்கவும் கூடாது. பெண்கள் பக்கத்து வாசலில் கேமரா என்றால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். நிலைச்சட்டத்தில் இரண்டு அகச்சிவப்புக் கதிர்கள் போதும். எது முதலில் மறைகிறது என்பதை வைத்து உள்ளே போகிறாரா, வெளியே வருகிறாரா என்று தெரிந்துவிடும். முகமும் பெயரும் அதற்குத் தெரியாது. இத்தனை பேர் போனதும் ஒரு தடவை கழுவ வேண்டும் என்று அந்தந்த இடத்தின் அனுபவத்தை வைத்து வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்த் தொட்டிக்கு மீயொலி சென்சார். மூடிக்கு அடியிலிருந்து விநாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரொலி 6 மில்லி விநாடியில் வந்தால் நீர் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இருக்கிறது என்று கணக்கு. நடைமுறையில் இரண்டு சிக்கல்கள். ராத்திரியில் மூடிக்கு அடியில் நீர்த்துளிகள் கோத்து, சென்சாரின் முகத்திலும் ஒட்டிக்கொண்டு பொய்க்கணக்குச் சொல்ல வைக்கும். அப்புறம், நீர் மிக அருகில், சுமார் 20 செ.மீ.க்குள் வந்துவிட்டால் பல மலிவுக் கருவிகளுக்கு அளக்கத் தெரியாது. அதனால் ஈரம் புகாத வகையாகப் பார்த்து வாங்கி, சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் ஊரில், தொட்டி பாதியாகும்போதே மோட்டார் போடுபவருக்குத் தெரிந்தால் காலை வரிசை தப்பிக்கும்.

இந்தச் சிறு எண்களை லோரா என்ற குறைமின் ரேடியோ மூலம் அனுப்பலாம். இந்தியாவில் இதற்கு 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒரு பேட்டரி சில ஆண்டுகள்கூடத் தாங்கும். வாயு சென்சாரின் ஹீட்டருக்கு மட்டும் கரண்ட் இணைப்பு வேண்டும்.

மலத்தொட்டி வேறு விஷயம். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கின் உணர்வே செத்துவிடும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் பிணமாகத் திரும்புகிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்கிறது. கழிப்பறைக்குள் வாசனையை அளக்கச் செலவழிப்பதற்கு முன், அடைப்பெடுக்க வரும் இயந்திர வண்டித் தொழிலாளர் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு வாயு எச்சரிக்கைக் கருவி மாட்ட வேண்டும்.

எண்கள் யாருக்குப் போகின்றன என்பதும் முக்கியம். துப்புரவுப் பணியாளர் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று வேவு பார்க்க அவற்றைப் பயன்படுத்தினால் அவரே ஒயரைப் பிடுங்குவார், அதில் தப்பில்லை. கூட்டம் கூடிய நாளில் கூடுதல் ஆள், கூடுதல் கூலி என்று கேட்க அதே எண்கள் அவர் கையில் இருக்க வேண்டும். வாசலிலும் ஒரு பலகை: தொட்டியில் எவ்வளவு தண்ணீர், கடைசியாகக் கழுவியது எப்போது என்று மராத்தி, இந்தி, தமிழில். குடத்தோடு வரும் அக்கா அதைப் பார்த்துவிட்டு நேரே மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்கலாம்.