ஸ்லைடை வாசித்துக் காட்டாதீர்கள்

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்ணோடம் கிளம்பிச் சுமார் 82 விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு, நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். கீழே புள்ளியிட்ட குறிப்பு (புல்லட்), அதற்குள் இன்னொரு புல்லட். முக்கியமான சேதி அடியில், சிறிய எழுத்தில் கிடந்தது: கணக்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட பழைய சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தகவல்களைக் காட்சிப்படுத்துவதில் நிபுணரான எட்வர்ட் டஃப்டி அதை வரிவரியாக ஆராய்ந்து எழுதியதை விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டது.

படித்தவர்கள், அனுபவசாலிகள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் 640 மடங்கு எப்படிக் கண்ணில் படாமல் போகும்? நம் மூளை சொற்களைக் கையாளும் விதத்தைப் பார்த்தால் இது அவ்வளவு வியப்பாக இருக்காது.

ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் செயல்நினைவுக்கு, அதாவது யோசிக்கும்போது தகவலைச் சற்று நேரம் மனதில் வைத்திருக்கும் திறனுக்கு, ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதன்படி, காதில் விழும் பேச்சைச் சில கணம் பிடித்துவைக்க ஓர் இடம் உண்டு. ஏறத்தாழ 2 விநாடிப் பேச்சுதான் அதில் தங்கும். படங்களுக்கு வேறு இடம். சரி, ஸ்லைடில் இருக்கும் எழுத்து கண் வழியாகத்தானே போகிறது? நுழைவது கண் வழியாகத்தான். ஆனால் படிக்கும்போது மனதுக்குள் ஒரு குரல் அதைச் சொல்கிறதே, அந்தக் குரலும் பேச்சு இருக்கும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. நீங்கள் முதல் வரியைச் சொல்லிக்கொண்டிருக்க, கேட்பவர் மனதுக்குள் மூன்றாவது வரி ஓடுகிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவரது குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் உருவாகும் விதத்தை மாணவர்களுக்கு அசைபடமாகக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குப் படமும் குரலும் மட்டும். இன்னொரு குழுவுக்குக் கூடவே அந்தப் பேச்சு எழுத்தாகவும் ஓடியது. முதல் குழுவே நன்றாகப் புரிந்துகொண்டது. ஆக, எழுத்தைச் சேர்ப்பதால் புரிதல் குறையவும் கூடும்.

அதற்காக எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் சரளமில்லாதவர்கள் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலக் கூட்டத்தில், புதிய கலைச்சொல்லும் எண்ணும் திரையில் இருப்பது பெரிய உதவி. படத்தின் பக்கத்திலேயே ஓரிரு சொல் எழுதினாலும் கெடுதல் இல்லை. முழு வாக்கியங்களை அடுக்கிவைத்து அதையே வாய்விட்டு வாசிப்பதுதான் சிக்கல்.

தலைப்பில் மட்டும் முழு வாக்கியம் எழுதுங்கள். ‘காலாண்டு விற்பனை’ என்று போட்டால், வரைபடத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்தான் தேட வேண்டும். ‘மழை மாதங்களில் விற்பனை பாதியாகிறது’ என்று போட்டால் கண் நேராக அந்த இறக்கத்துக்குப் போகும். அப்புறம் காரணத்தை நீங்கள் வாயால் சொல்லலாம். கொலம்பியா ஸ்லைடின் தலைப்பிலும் அந்த 640 இருந்திருக்க வேண்டும்.

விவரம் நிறைய இருந்தால் தாளில் கொடுத்துவிடுவது மேல். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டையே நிறுத்தினார். அதற்குப் பதிலாக ஆறு பக்கம் வரை போகும் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் உட்கார்ந்து அதை மௌனமாகப் படிப்பார்கள், பேச்சு அதற்குப் பிறகுதான். கண்ணும் காதும் ஒரே நேரத்தில் சொற்களுக்காக மோதுவதில்லை.

திரையே தேவைப்படாத நேரமும் வரும். பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் ‘B’ எழுத்தைத் தட்டினால் திரை கறுத்துவிடும். அறையில் இருப்பவர்களின் பார்வை உங்கள் பக்கம் திரும்பும். சொல்லி முடித்ததும் மறுபடி தட்டினால் விட்ட ஸ்லைடு வந்துவிடும்.