கூரை நிறைய சோலார், குழாயில் தண்ணீர் இல்லை

பெரிய மின்தடை வரும்போதெல்லாம் இதே புகார்தான். உள்ளாட்சி அலுவலகக் கூரை நிறைய சோலார் பேனல், வெளியே சுட்டெரிக்கும் வெயில். ஆனால் உள்ளே விளக்கு எரியவில்லை, குடிநீர் மோட்டார் ஓடவில்லை. "இவ்வளவு செலவழித்தது வீணா?" என்று கேட்கிறார்கள். வீணில்லை. மின்கட்டணத்தைக் குறைக்கத்தான் அதைப் போட்டார்கள், மின்தடையைச் சமாளிக்க யாரும் போடவில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிரிட்டோடு, அதாவது மின்வாரியத்தின் மின்கம்பி வலையமைப்போடு, இணைத்த சாதாரண இன்வெர்ட்டர் (பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் கருவி), கிரிட்டின் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பார்த்துப் பின்தொடர்ந்துதான் வேலை செய்யும். கிரிட் போனால் அதுவும் நின்றாக வேண்டும். மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ வகுத்த 1547 தரநிலை அதற்குத் தரும் அவகாசம் 2 விநாடி. லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் ஊழியர் மேல் உங்கள் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே! அதற்காகத்தான் இந்த விதி. பேனலைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. 5 கிலோவாட்டை 50 ஆக்கினாலும், நிற்கும்போது அத்தனையும் சேர்ந்துதான் நிற்கும்.

வேண்டியது பேட்டரி, கிரிட் இல்லாமலும் இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், கிரிட்டிலிருந்து கட்டடத்தைப் பிரிக்கும் சுவிட்ச், முக்கியமான லோடுகளுக்கு (மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு) மட்டும் தனி டிபி (மின் பகிர்வுப் பெட்டி). டெண்டரில் "மின்தடையின்போதும் இயங்க வேண்டும்; இத்தனை கிலோவாட், இத்தனை மணி நேரம்" என்று எழுதுங்கள். எழுதாததை ஒப்பந்ததாரர் தரவில்லை என்று பிறகு சண்டை போட முடியாது.

ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் வேலையை யாரும் உள்ளாட்சியிடம் கேட்கவில்லை. குடிநீர், கழிவுநீர் பம்பு, தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் குளிர்பெட்டி, தகவல் தொடர்பு, மக்கள் வந்து தங்க ஒரு கட்டடம், இவை விழக் கூடாது. 2015 டிசம்பரில் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு துணைமின் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்ததில் 60,000-க்கும் அதிகமான வீடுகளிலும் கட்டடங்களிலும் மின்சாரம் போனது. செல்போன் இணைப்பும் கூடவே போனது. போனில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மிகச் சுலபமான காரியம் ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டார், பம்பு இழப்பெல்லாம் சேர்த்துச் சுமார் 15 யூனிட் போதும். புயல் எச்சரிக்கை வந்த உடனே மேல்நிலைத் தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். அதன்பின் தண்ணீர் கீழே வர மின்சாரமே வேண்டாம்.

அடுத்தது ஜெனரேட்டர். "வாரா வாரம் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம்" என்பார்கள். லோடு இல்லாமல் ஓட்டினால் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து புகைக்குழாய் இணைப்பில் கறுப்பு எண்ணெயாக வழியும். அதைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். இது சோதனையே இல்லை. மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத நிஜ லோடில் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும், சுத்தம் செய்யுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள், அதற்கு ஃபைல் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

15 கிலோவாட் மோட்டாருக்கு 20 கேவிஏ ஜெனரேட்டர் போதும் என்ற கணக்கும் அடிக்கடி கண்ணில் படுகிறது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்ட்டைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும்; ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியோ போட்டு, கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டீசலை அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்களா? 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளில் பல பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் இருந்தும் அதை ஏற்றித் தரும் பம்புக்கு மின்சாரம் இல்லை. 60 கிலோவாட் லோடுக்கு மணிக்குச் சுமார் 17 லிட்டர் ஆகும். 200 லிட்டர் பேரல் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூன்று நாளுக்கு 1,200 லிட்டராவது வேண்டும். பழைய டீசலை மாதாந்திர ஓட்டத்தில் செலவழித்துப் புதிதை நிரப்புங்கள். வருடக்கணக்கில் டேங்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் சேர்ந்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

கெஞ்சிக் கேட்கிறேன்: இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகாதீர்கள். அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி, உயர் அழுத்தமாக லைனில் ஏறும். ஒரு நேரத்தில் கிரிட் அல்லது ஜெனரேட்டர், ஒன்றை மட்டும் கட்டடத்தோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. கட்டடத்துக்குள்ளும் ஓட்டாதீர்கள், ஜன்னல், கதவிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சேஞ்ச்ஓவரை இயக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் மின்தடை வரும். மெயினை இறக்கு, ஜெனரேட்டரை ஓட்டு, சூடேற விடு, சுவிட்ச்சை மாற்று, லோடை ஒவ்வொன்றாக ஏற்று என்று பெரிய எழுத்தில் எழுதி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். இரவுக் காவலரையும் வைத்து ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.